சேதத்தின் காரணம், சுருக்கமாக

சேதமான பொருள் எது என்று படிவம் கேட்கிறது.
விற்றராசு ஒன்று. ஐம்பது நியூட்டன் வரை அளப்பது.
நீல உறை. எண் பதினேழு.
சேதத்தின் காரணம், சுருக்கமாக:
அதற்கு இரண்டு கோடுகள் விட்டிருக்கிறார்கள்.

முதல் கோட்டில் எழுதுகிறேன்:
உராய்வு.

போதாது, தெரியும்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை.
ஃப்ரிபூர் நகரத்தின் ஷோன்பெர்க் மேட்டில்
மழை ஜன்னலைச் சாய்வாகக் கீறிக்கொண்டிருந்தது.
ஆளுக்கொரு சப்பாத்தைக் கழற்றித்
தராசின் கொக்கியில் மாட்டி
மேசையில், கம்பளத்தில், அரத்தாளில்
இழுத்து இழுத்து எண்ணைக் குறிக்க வேண்டும்.
அவ்வளவுதான் திட்டம்.

சென்ற கிழமை இவர்களைக் கயிற்று ரயிலுக்குக் கூட்டிப்போனேன்.
மேல் நகரத்துக் கழிவுநீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு
ஒரு பெட்டி இறங்க, மற்றது ஏறும்.
மூக்கைப் பொத்தியபடி பெர்ஃபின் சொன்னாள்:
"அப்படியென்றால் காலையில் நான் குளித்த தண்ணீர்
யாரையோ மேலே தூக்கியிருக்கிறது."
ஈர்ப்பைப் பற்றி அதற்குமேல் நான் என்ன சொல்ல?

என் பெயர் இவர்களுக்கு நீளம்.
வாகீசனை வெட்டி
'மதாம் வா' என்று வைத்துவிட்டார்கள்.
பிரெஞ்சில் 'வா' என்றால் போ.
ஒவ்வொரு காலையும் என்னை வரவேற்று
வழியனுப்பி வைக்கிறார்கள்.

கழற்றச் சொன்னபோது, பிரெஞ்சு வசனத்தின் நடுவே
'சப்பாத்து' மட்டும் தமிழாக விழுந்துவிட்டது.
பதின்மூன்று முகங்கள் விழித்தன.
போர்த்துக்கீசப் பையன் தியாகோ
குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.
அவன் ஆட்கள் கப்பலில் எங்களிடம் விட்டுப்போன சொல்
இங்கே வந்து அவனையே மாட்டிவிட்டது.

மேசைமேல் பதின்மூன்று சப்பாத்துகள்.
அவன் கழற்றவில்லை.
"நான் பாரமாக இருக்கிறேன், மதாம்" என்றான்.

கொரிடோரில் காவலாளி ஏபிஷர்
அப்போதுதான் மெழுகு பூசி முடித்திருந்தார்.
கம்பளித் துண்டின்மேல் தியாகோ சப்பணமிட்டான்.
கயிற்றின் நடுவில் பதினேழாம் எண்.
மறுமுனையில் பதின்மூன்று பேர்,
ஒற்றைச் சப்பாத்தோடு, வழுக்கி வழுக்கி.

எவ்வளவு காட்டும், சொல்லுங்கள் என்றேன்.
லோயிக் இருபது என்றான். டொனிகா ஆயிரம்.
நான் மனதுக்குள் தமிழில் கணக்குப் போட்டேன்:
திணிவு நாற்பது, குணகம் கால்,
நூறு நியூட்டன்.
தராசு தாங்காது.
தெரிந்தும் நிறுத்தவில்லை.
(இரண்டாம் கோட்டில் எழுத வேண்டியது இதுதான்.)

"வா, தியாகோ! வா!"
அவர்கள் போ என்று கத்தினார்கள்,
எனக்கு வா என்று கேட்டது,
அவன் இரண்டுக்கும் அசையவில்லை.
முள் இருபது, நாற்பது, ஐம்பது,
அதற்கப்பால் எண்ணே இல்லாத தகரம்.
பிறகு சட்டென்று தரை அவனை விட்டுக்கொடுத்தது.
இழுத்தவர்கள் ஒன்றாக மல்லாந்தார்கள்.
அவன் தரைக்கல் இரண்டு தாண்டி நின்றான்.

"தொடங்கத்தான் கஷ்டம். பிறகு லேசு"
என்றாள் டொனிகா, படுத்தபடியே.
"தரை பிடிக்காவிட்டால்
நான் பெர்ன் வரை போயிருப்பேன்" என்றான் தியாகோ.

கரும்பலகையில் அதை அப்படியே எழுதினேன்.
முதலாம் விதி அன்றைக்குப் புத்தகத்திலிருந்து
வெளியே வரத் தேவையிருக்கவில்லை.

சிரித்துப் புரண்டதில் அவனுடைய சப்பாத்து ஒன்று கழன்றது.
உள்ளே ஊதா நிறம், வெள்ளி நட்சத்திரங்கள்.
அக்காவுடையதாக இருக்கலாம்.
காலுக்குள் அவன் அதை இழுத்துக்கொண்டபோது
நான் கயிறு சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.
நல்லது.

கடைசிக் கேள்வி: மாற்றுப் பொருள் தேவையா?

எதுவும் தொங்காதபோதும்
இப்போது மூன்று நியூட்டன் காட்டுகிறது பதினேழாம் எண்.
பெட்டியைத் திறந்ததும்
அதற்குத்தான் முதலில் அடிபிடி.
மூன்றைக் கழித்துத்தான் எழுதுகிறார்கள்.

தேவையில்லை.